ஏசிக்குள் அடுப்பா எரிகிறது?

கேள்வி: வருடா வருடம் ஏசி சேவிஸுக்கு வருபவர், "காஸ் குறைஞ்சிட்டு" என்று நிரப்பிக் காசு வாங்கிப்போகிறார். நியாயமான செலவுதானா?
– வாசகி ஒருவர், கெலிஓயா

பதில்: குசினிச் சிலிண்டரில் காஸ் தீரும், ஏசியில் ஏன் தீரவேண்டும்? அது மூடிய செப்புக் குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. எரிவதில்லை, செலவாவதுமில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. குழாய் மூட்டில் சவர்க்கார நுரை தடவச் சொல்லுங்கள், கசிந்தால் குமிழி விடும். முதலில் அதை அடைக்கட்டும், பிறகு நிரப்பட்டும்.

குளிர் குறைந்தாலே காஸ்தான் என்றில்லை. பல வீடுகளில் குற்றவாளி ஃபில்டர் தூசிதான். முன்மூடியைத் திறந்து, வலையைக் கழற்றி, தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். மாதம் இருமுறை போதும், செலவு பூச்சியம். வெளிப்பெட்டியைக் கழுவுவதை மட்டும் வருடம் ஒருமுறை அவரிடம் விடுங்கள்.

தூசி அடைத்த ஏசி மின்சாரத்தையும் கூடுதலாகக் குடிக்கும். 2022 ஆகஸ்டில் 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறிய மின்கட்டணத்தை மறந்திருக்கமாட்டீர்கள். (டிசம்பர் இரவில் கண்டிப் பக்கம் ஏசி போடுபவர்களுக்கு என் பதில் போர்வைதான்.)

அடுத்தமுறை பில்லில் "காஸ்" என்று மட்டும் எழுதினால் விடாதீர்கள்: எந்த காஸ், எத்தனை கிராம் என்று எழுதி வாங்குங்கள்.