மனசு சரியில்லையா, எண் ஒன்றை அழுத்தவும்

2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி கேட்டார்கள். கொரோனா ஊரடங்கில் பிழைக்க வந்த ஊரை விட்டுச் சொந்த ஊருக்கு நடந்தே போனவர்களில் எத்தனை பேர் வழியில் செத்தார்கள்? தொழிலாளர் அமைச்சகம் பதற்றமே இல்லாமல் பதில் சொன்னது: அப்படி ஒரு கணக்கு எங்களிடம் இல்லை, கணக்கு இல்லாதபோது இழப்பீடு என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தப் பதிலை எழுதியவருக்குப் பொன்னாடை போர்த்தியிருக்க வேண்டும். அதே ஆண்டு மே 8 அன்று அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அசந்து தூங்கிய 16 தொழிலாளர்கள் சரக்கு ரயிலில் அரைபட்டார்கள். சிதறிக் கிடந்த ரொட்டிகளின் படத்தை ஊர் உலகமெல்லாம் பார்த்தது. அமைச்சகத்துக்கு அன்று கண்வலி.

மறுவருஷம் ஜூலையில் மாநிலங்களவையில் இன்னொரு பதில். ஆக்சிஜன் இல்லாமல் யாராவது செத்ததாக எந்த மாநிலமும் தனியாகத் தெரிவிக்கவில்லையாம். சிலிண்டருக்காக ஸ்கூட்டரில் ஊர் சுற்றிய பிள்ளைகள், மருத்துவமனை வாசலில் ஆட்டோவுக்குள் கணவனின் வாயில் வாய் வைத்து ஊதியவர்கள் எல்லாரும் ஏதோ உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள் போலும். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது: 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் கூடுதலாக நேர்ந்த சாவுகள் சுமார் 47 லட்சம். அரசின் ஏட்டில் இருந்தது 4.81 லட்சம். அரசு கொதித்துப்போனது. கொதித்தது செத்தவர்களுக்காக என்று நினைத்துவிடாதீர்கள், கணக்குப் போட்ட முறைக்காக.

அந்த மதிப்பீட்டில் பாதியைத் தள்ளிவிட்டாலும் லட்சக்கணக்கான வீடுகளில் சாவு விழுந்திருக்கிறது, ஆனால் ஏட்டில் விழவில்லை. நடக்காத சாவுக்கு ஒருத்தி ராத்திரி எழுந்து உட்கார்ந்து அழுகிறாள் என்றால் அவளுக்குத்தானே கோளாறு? பெருந்தொற்றின் மனநலச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. உரிய ஆவணம் இல்லாமல் துக்கப்படுகிறவர்கள் இந்த நாட்டில் பெருத்துவிட்டார்கள்.

அரசு மனநலத்தில் அக்கறை காட்டவில்லை என்று யாரும் பழி போட முடியாது. முதல் வேலையே அதுதான். 2020 மார்ச் 22, மாலை 5 மணி: மருத்துவர்களுக்கு நன்றி சொல்லிக் கரண்டியால் தட்டைத் தட்டுதல். இரண்டு நாள் கழித்து இரவு 8 மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவு முதல் 21 நாள் நாடே முடக்கம்; 130 கோடிப் பேருக்கு நான்கு மணி நேர அவகாசம். ஏப்ரல் 5, இரவு 9 மணி: 9 நிமிடம் விளக்கு அணைத்து அகல் ஏற்றுதல். மே 3: மருத்துவமனைகள் மேல் ஹெலிகாப்டரிலிருந்து பூ. தட்டு, விளக்கு, பூ என்று ஒரு கோயில் உற்சவத்துக்கு வேண்டியதெல்லாம் வந்துவிட்டது, பிரசாதம் ஒன்றைத் தவிர.

அடுத்து, பயத்துக்கு வைத்தியம். 2020 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டக் காவல்துறை, முகக்கவசம் இல்லாமல் வண்டியில் சுற்றிய இளைஞர்களைப் பிடித்து ஒரு ஆம்புலன்ஸுக்குள் ஏற்றியது. உள்ளே கொரோனா நோயாளி வேஷம் போட்ட ஒருவர். பையன்கள் அலறி, ஜன்னல் வழியே வெளியே குதிக்கப் பார்த்தார்கள். அதைப் படம் எடுத்து விழிப்புணர்வு என்று வெளியிட்டார்கள், நாமும் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். நோயாளி என்றால் பேய், ஆம்புலன்ஸ் என்றால் பாடை என்று ஒரு மாநிலத்துக்கே வகுப்பு எடுத்தாயிற்று. அந்தப் பாடம் அதற்கு முன்பே நன்றாக ஏறியிருந்தது.

எவ்வளவு நன்றாக என்றால், தட்டு தட்டிய ஞாயிறிலிருந்து நான்காவது ஞாயிறு, ஏப்ரல் 19 அன்று, சென்னையில் நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர் சைமன் ஹெர்குலஸ் கொரோனாவால் இறந்தார். கீழ்ப்பாக்கத்தில் புதைக்க விடாமல் கூட்டம் கூடியது. வேலங்காட்டு இடுகாட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே கல்லும் கட்டையும். ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கியது, ஓட்டுநர்கள் மண்டை உடைந்தது. சக மருத்துவர் பிரதீப் குமார் அந்த உடலை நள்ளிரவில் திரும்பக் கொண்டுவந்து, இரண்டு ஊழியர்களை வைத்துக்கொண்டு, தானே மண்வெட்டி பிடித்து மண் தள்ளிப் புதைத்தார். கணவர் ஆசைப்பட்ட இடத்தில் அவரை அடக்கம் செய்ய வேண்டும் என்று மனைவி நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. ஹெர்குலஸ் இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு நெல்லூர் மருத்துவர் ஒருவரின் உடலை அம்பத்தூரில் எரிக்க விடவில்லை. மருத்துவர்களுக்கு நன்றி சொல்லி மார்ச் மாதம் மொட்டை மாடியில் நின்ற சென்னையும், ஏப்ரலில் இடுகாட்டு வாசலில் நின்ற சென்னையும் ஒரே சென்னைதான். தட்டை வைத்துவிட்டுக் கல்லை எடுக்க நமக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. இதை அரசின் தலையில் மட்டும் கட்டிவிட்டு நழுவ முடியாது. அந்தக் கூட்டத்தில் அமைச்சர் யாரும் இல்லை. பக்கத்துத் தெருக்காரர்கள் இருந்தார்கள், பால் வாங்கப் போனால் சிரிக்கிறவர்கள், ஆயுத பூஜைக்குப் பொரி கொடுக்கிறவர்கள்.

நம் ஊரில் துக்கத்துக்கு ஒரு நடைமுறை இருந்தது. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது, பக்கத்து வீட்டிலிருந்து காபியும் கஞ்சியும் வரும். பெண்கள் வட்டமாகக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். பத்து வருஷம் பேசாமல் இருந்த பங்காளி வாசலில் வந்து துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான், அன்றோடு அந்தப் பகை முடிந்துபோகும். வாய்க்கரிசி, பால் தெளிப்பு, பதினாறாம் நாள் காரியம் என்று துக்கத்தை நாள் கணக்கில் கூறுபோட்டு, ஊர் கூடித் தூக்கிக் கொடுத்த ஏற்பாடு அது. அதில் ஆயிரம் சாதிக் கசடு இருந்தது, விதவையை வதைக்கிற சடங்கும் இருந்தது. அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் செத்தவருடைய மகளைத் தனியாக அழவிட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போனதில்லை.

பெருந்தொற்றின் இரண்டு ஆண்டுகளில் அந்த மகளுக்குக் கிடைத்தது என்ன? ஜிப் போட்ட பை. அதற்குள் இருப்பது அப்பாதானா என்று கேட்கக்கூடாது. 20 பேருக்கு மேல் கூடக்கூடாது. மயானத்தில் வரிசை, அப்பாவுக்கு ஒரு எண். வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒட்டு வில்லை, தெரு முனையில் தகரம். துக்கம் விசாரிக்க யாராவது போன் போட்டால் முதலில் ஒருவர் இருமினார், பிறகு கை கழுவச் சொன்னார்கள், அதற்குப் பிறகுதான் மணி அடித்தது. ‘நம்பிக்கையை மட்டும் விட்றாதீங்க’ என்று காலையில் குழுவில் பூப்படம் போட்ட அதே மாமா, படிக்கட்டில் அவளைப் பார்த்ததும் மேலே ஏறிக்கொண்டார். இதில் அவள் மனசு உடையவில்லை என்றால்தான் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சரி, உடைந்த மனசுக்கு நிவாரணம் உண்டா என்று கேட்கலாம். உண்டு, அளந்து வைத்திருக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 30 அன்று தலையில் குட்டிய பிறகு, கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று முடிவானது. முதலில் வந்த வழிகாட்டுதலில், தொற்று இருந்தவர் தற்கொலை செய்துகொண்டால் அது கொரோனாச் சாவு ஆகாது என்று எழுதியிருந்தார்கள். கொலை, விபத்து ஆகியவற்றோடு சேர்த்து ஒரே வரியில். இதை மறுபடி யோசியுங்கள் என்றது நீதிமன்றம். யோசித்தார்கள். தொற்று உறுதியான 30 நாளுக்குள் தற்கொலை செய்துகொண்டால் அந்தக் குடும்பத்துக்குப் பணம் உண்டு என்றார்கள்.

முப்பது நாள்! நுரையீரல் நோய்க்குப் போட்ட கெடுவை அப்படியே மனசுக்கும் போட்டாயிற்று. முப்பதாம் நாள் வரை நொந்திருந்தால் அரசு உங்களோடு நிற்கும். முப்பத்தொன்றாம் நாளும் நொந்திருந்தால் அது உங்கள் சொந்த விவகாரம். மின் கட்டணத்துக்குக்கூடக் கடைசி தேதி தாண்டினால் அபராதத்தோடு வாங்கிக்கொள்கிறார்கள். வேலை போனவன், கடன்காரனுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டவன், தொற்றே வராமல் ஊரடங்கில் மட்டும் நொறுங்கியவன் இவர்களெல்லாம் எந்த நாள் கணக்கில் வருவார்கள்? வரமாட்டார்கள். இத்தனைக்கும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது அது. அதில் நாள் கெடு எதையும் நான் பார்க்கவில்லை.

கணக்கு இல்லை என்று சொல்லியே பழகியவர்களுக்குத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் மட்டும் அடங்குவதில்லை, வருஷா வருஷம் எண்ணித் தொலைக்கிறது. 2019-இல் நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,39,123 பேர். 2020-இல் 1,53,052. 2021-இல் 1,64,033. அதில் தினக்கூலிகள் மட்டும் 42,004 பேர், அதாவது நாலில் ஒருவர். தமிழ்நாடு அந்த ஆண்டு 18,925 பேரோடு மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இரண்டாம் இடம். எல்லாவற்றிலும் முன்னணி மாநிலம் என்று பீற்றிக்கொள்கிற மேடைகளில் இந்தப் பெருமையை மட்டும் யாரும் வாசிப்பதில்லை.

கூலிக்காரனின் மனநலத்துக்கு மருந்து என்னவென்று அவன் வீட்டு அரிசிப் பானையைக் கேட்டால் சொல்லும். நாம் பானையைக் கேட்கவில்லை. டல்கோனா காபி கலக்கினோம், மொட்டை மாடியில் யோகா செய்தோம், ‘தனிமை ஒரு வரம்’ என்று முகநூலில் எழுதினோம். அரசு தொலைபேசி எண் கொடுத்தது. 2020 செப்டம்பரில் கிரண் என்று ஒன்று. 2022 பட்ஜெட் உரையில், பெருந்தொற்று எல்லா வயதினரின் மனநலத்தையும் பாதித்துவிட்டது என்று நிதியமைச்சர் கண்டுபிடித்துச் சொன்னார். அந்த அக்டோபர் 10 அன்று டெலி-மானஸ் வந்தது, எண் 14416. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அந்த எண்களில் உட்கார்ந்து ராத்திரி பகலாக அடுத்தவர் அழுகையைக் கேட்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களால் பிழைத்தவர்கள் உண்டு. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடத் தேறாத நாட்டில், மனநோய் உள்ளவர்களில் பத்தில் ஏழு பேரிலிருந்து ஒன்பது பேர் வரை சிகிச்சையே எட்டாதவர்கள் என்று பெருந்தொற்றுக்கு முன்பே நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் ஆய்வு எழுதிக் கொடுத்த நாட்டில், ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டுக் கை கழுவினவர்களைத்தான் கேட்கிறேன். கை கழுவுவதில்தான் அன்று எல்லாரும் தேர்ந்துவிட்டோமே.

என்னைக் கேட்டிருந்தால் அந்தக் குரல் பதிவை இப்படி எழுதிக் கொடுத்திருப்பேன். தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும். வேலை போய்விட்டதென்றால் எண் இரண்டு: மூச்சை ஆழமாக இழுத்து விடவும். நாலு மாத வாடகை பாக்கியென்றால் எண் மூன்று: நல்லதையே நினைக்கவும். அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க விடவில்லையென்றால் எண் நான்கு: செய்தி பார்ப்பதைக் குறைத்துக்கொள்ளவும். அடிக்கிற புருஷனோடு ஒரே அறையில் அடைபட்டிருந்தால் எண் ஐந்து: குடும்பத்தோடு நேரம் செலவிட இது அரிய வாய்ப்பு. உங்கள் துயரம் இதில் எதிலும் அடங்கவில்லையென்றால், அப்படி ஒரு துயரம் நடந்ததாக எந்த மாநிலமும் தெரிவிக்கவில்லை.

புருஷன் என்றதும் நினைவு வருகிறது. ஊரடங்கில் மனம் வாடியவர்களில் மாநில அரசு உடனடியாகக் கண்ணீர் துடைத்தது ஒரு பிரிவினருக்கு மட்டும். 2020 மே 7 அன்று, சென்னை நீங்கலாக, டாஸ்மாக் திறந்தது. ஒரே நாளில் 170 கோடி ரூபாய்க்குமேல் விற்பனை. மறுநாள் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் வரை ஓடித் தடை வாங்கி, 16-ஆம் தேதியே மறுபடி திறந்தார்கள். அந்த வேகம் வேறு எதிலாவது இருந்ததா? ஒன்றாம் வகுப்பு திறக்க 2021 நவம்பர் 1 ஆனது. பள்ளிக்கூடத்தின் வாசலையே பார்க்காமல் ஒரு பிள்ளை இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டது. வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பா வேலைக்குப் போகும்போது கூடவே போய்விடும், படிக்கிறவர்கள் மூன்று பேர். 2020-இல் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 12,526 பேர், முந்தைய ஆண்டைவிட 2,000-க்கும் மேல் அதிகம். அரசுக்கு வருமானம் தருகிற கடைக்கு நீதிமன்றம் வரை வழக்கு, பிள்ளைக்கு யூடியூப்.

கடை என்றால் எல்லாக் கடையும் அல்ல. சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரம் தாண்டிக் கைபேசிக் கடையைத் திறந்துவைத்திருந்ததாகச் சொல்லி 2020 ஜூன் 19 அன்று ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸார் பிடித்துப் போய் லத்தியால் அடித்தார்கள். நான்கு நாளில் அந்த வீட்டில் இரண்டு சாவு. நோயிலிருந்து மக்களைக் காக்கக் கொடுத்த லத்தி அது.

அப்புறம், பூ தூவினோமே, அவர்கள் என்ன ஆனார்கள்? பெருந்தொற்றுக் காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட செவிலியர்கள் 2,000-க்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31-ஓடு போதும் என்று வீட்டுக்கு அனுப்பியது தமிழ்நாடு. முழுக் கவசத்துக்குள் வேர்த்து ஊறி, தன் பிள்ளையைத் தொடாமல் ஜன்னல் வழியே பார்த்து, யாரோ பெற்ற பிள்ளைகளின் கடைசி மூச்சைக் கையில் பிடித்தவர்கள். புத்தாண்டில் சேலத்திலும் சென்னையிலும் தெருவில் உட்கார்ந்தார்கள். மாவட்ட அளவில் தற்காலிக வேலை ஏதாவது பார்த்துத் தருகிறோம் என்றார் அமைச்சர். எத்தனை சாவைக் கண்ணால் பார்த்தீர்கள், ராத்திரி தூக்கம் வருகிறதா என்று அவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்கத்தான் டெலி-மானஸ் இருக்கிறதே. அழைப்புக்குக் கட்டணமும் கிடையாது.