முறுக்கியல்: பாட்டுப்பெட்டிக்குத் திருகு வைப்பது குறித்து ஓர் ஆய்வு

உலகில் முறுக்கத் தக்கவை இரண்டு: ஒன்று மாவு, மற்றொன்று பாட்டுப்பெட்டியின் திருகு. முன்னதில் ஆட்டையாம்பட்டிக்காரர்களின் கைவண்ணத்தைச் சேலம் மாவட்டமே ஒப்புக்கொண்டாயிற்று. பின்னதை ஆராய்வார் இல்லாத குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை.

2012இல் 35 டாலருக்கு ராஸ்பெர்ரி பை என்னும் குட்டிக் கணினி வந்தபின், வீட்டிலேயே பாட்டுப்பெட்டி செய்வோர் பெருகினர். வால்யூமியோ போன்ற மென்பொருளை மெமரி கார்டில் ஏற்றினால் போதும், இணையத்திலிருந்து பாட்டுக் கொட்டும். ஆனால் சத்தத்தைக் குறைக்கக் கைபேசியைத் தேட வேண்டும். வாசலில் தபால்காரர் நிற்பார், அடுப்பில் பால் பொங்கும், பாட்டியோ பேரனின் கடவுச்சொல்லை யோசித்துக்கொண்டிருப்பார். 2017இல் சரிகம நிறுவனம் 5,000 பழைய பாடல்களை அடைத்து, ரேடியோ முகத்தோடும் திருகோடும் விற்ற ‘கார்வான்’ பெரியவர்களிடம் எடுபட்டதன் ரகசியம் வேறென்ன?

பழைய வால்வு ரேடியோவின் திருகு முக்கால் சுற்றோடு நின்றுவிடும். அது நிற்கும் இடத்தைப் பார்த்தாலே சத்தம் எவ்வளவு என்று புரியும். இப்போது பொருத்தும் ரோட்டரி என்கோடர் அப்படியல்ல. ஆட்டையாம்பட்டி முறுக்குக்குக்கூட முனை உண்டு, இதற்குக் கிடையாது. உள்ளே இரண்டு தொடுமுனைகள். எது முந்துகிறது என்பதைக் கொண்டே வலமா இடமா என்று கணினி கண்டுகொள்ளும். பரவலாகக் கிடைக்கும் வகையில் சுற்றுக்கு 20 ‘டக்’. ஒரு டக்குக்கு ஒரு அளவு என்றால், பூஜ்யத்திலிருந்து 100க்குப் போக ஐந்து முழுச் சுற்று. போதாததற்குத் தொடுமுனைகள் சில மில்லி விநாடி துள்ளும். அந்தத் துள்ளலைக் கழிக்காத நிரல், ஒரு டக்கை நாலாக எண்ணித் தாலாட்டைத் திருவிழாக் குழாய் ஆக்கிவிடும்.

இப்போது சத்தம் எங்கே நிற்கிறது? திருகு வாய் திறக்காது. ஆகவே திருகு வைத்தவர் திரையும் வைத்தே தீரவேண்டும். (ஆய்வின் முதல் முடிவு இது. திருகு வாங்கியவரின் மணிபர்சுக்கு முன்பே தெரிந்ததுதான்.)

வழக்கமான ஓஎல்இடி திரைக்கு 128க்கு 64 புள்ளி, நாலே கம்பி. ஆங்கிலத்தில் கெட்டி; தமிழில்தான் சறுக்கும். ‘கெ’யின் கொம்பு கண்ணுக்கு முன்னே தெரிந்தாலும், ஒருங்குறியில் ககரத்துக்குப் பின்னால்தான் நிற்கிறது. இடம்மாற்றி அடுக்கத் தெரியாத எளிய நிரலில், கெட்டிமேளத்தின் கொம்பு தடம்மாறிக் கிடக்கும். எழுத்தை ஒழுங்காக அடுக்கும் மென்பொருளால் பாட்டின் பெயரைப் படமாக வரைந்து, அந்தப் படத்தைத் திரைக்கு அனுப்புவதே மருந்து. ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ போன்ற நீண்ட பெயர் திரைக்குள் அடங்காமல் அப்போதும் ஊர்ந்துதான் போகும். ஊர்வதும் நல்லதே: ஒரே பெயர் மாதக்கணக்கில் அசையாமல் நின்றால் அதன் நிழல் திரையில் தங்கிவிடும்.

முறுக்குத் தின்ற கையை மட்டும் துடைத்துவிட்டுத் திருகைத் தொடுங்கள்.