கேளாமல் கிடைக்கும் நற்சான்றுகள் குறித்து ஒரு விண்ணப்பம்

கூகுள் தேடுபொறியின் தரக்கண்காணிப்பு அதிகாரிகளின் சமூகத்திற்கு, பிறர் தளங்களில் இணைப்புச் சம்பாதித்து, தேடல் முடிவுகளில் கடைகளை முன்வரிசைக்கு ஏற்றி ஜீவனம் நடத்தும் எஸ்.இ.ஓ. தொழிலாளர் அநேக நமஸ்காரங்களுடன் செய்துகொள்ளும் விக்ஞாபனம்.

1998-ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவர்களாயிருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும், ஒரு சாஸ்திரக் கட்டுரையின் கௌரவத்தை அதை மேற்கோள் காட்டும் பிற கட்டுரைகளைக் கொண்டு அளக்கும் அறிஞர் வழக்கத்தை இணையத்திற்கும் பொருத்தி, ஒரு பக்கம் மற்றொன்றுக்குத் தரும் இணைப்பை நற்சான்றாகக் கொண்டதும், நற்சான்று தருவோரின் யோக்கியதையையும் அவ்வண்ணமே கணக்கிட்டுப் 'பேஜ்ரேங்க்' என்று பெயர் சூட்டியதும் மெச்சத்தக்க யுக்தியே. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதும் அதனால்தான். ஆனால் நற்சான்றுக்கு இத்தனை மகத்துவம் உண்டென்று உலகறியச் செய்துவிட்டு, அதை வாங்கலாகாது, விற்கலாகாது என்று தாங்கள் உபதேசிப்பது சிற்றறிவுக்கு எட்டாத வேதாந்தமாயிருக்கிறது. எழுதிய மொய்யைத் திருப்பி எழுதுவது ஊர் வழக்கமாயிருக்க, இணைப்பைப் பரிமாறிக்கொள்வது தங்கள் சட்டத்தில் அளவு மீறினால் குற்றம். அளவு எவ்வளவு என்பதோ தங்கள் திருவுள்ளத்துக்கு மட்டுமே வெளிச்சம்.

இணைப்பு இயற்கையாக அமையவேண்டும் என்பது ஆணை. அந்த இயற்கையைத் தயாரிப்பதற்கு நாங்கள் படும் பாட்டைச் சற்றே செவிமடுக்க வேண்டும். முதலில், போட்டிக் கடைக்காரருக்கு யார் யார் நற்சான்று தந்திருக்கிறார்கள் என்று ஜாபிதா எடுக்கிறோம், பின்பு, பிறர் தளங்களில் செத்துக்கிடக்கும் இணைப்புகளைத் துப்பறிந்து, பரோபகாரமே உருவெடுத்தாற்போல், "ஐயா, தங்கள் பக்கத்தில் ஓர் இணைப்பு வேலை செய்யவில்லை, தற்செயலாக அதே விஷயத்தைப் பற்றி எங்களிடம் ஒரு கட்டுரை உள்ளது" என்று மின்னஞ்சல் விடுக்கிறோம். (தற்செயலான அக்கட்டுரைக்குக் கூலி முன்னமே பட்டுவாடா ஆகியிருக்கும்.) இணைப்பைத் தாங்கும் சொற்களாகிய ஆங்கர் டெக்ஸ்ட் விஷயத்திலோ கூடுதல் ஜாக்கிரதை தேவை: விற்கும் சரக்கின் பெயரையே எங்கும் வைத்தால் தங்கள் கணிப்பொறி சந்தேகிக்குமாதலால், சில இடங்களில் கடையின் பெயர், சில இடங்களில் வெறும் முகவரி, இன்னும் சிலவற்றில் 'இங்கே' என்ற ஒற்றைச் சொல் என, எழுதியவருக்கு எங்கள்மீது அக்கறையே கிடையாது என்று தோன்றும்படி அக்கறையுடன் அமைக்கிறோம். ஒரே நாளில் குவிந்தால் வேஷம் கலையுமென்று வாரக்கணக்கில் பரப்புகிறோம். 'இதை நற்சான்றாகக் கொள்ளவேண்டாம்' என்று அறிவிக்க 2005-இல் தாங்கள் கொண்டுவந்த 'நோஃபாலோ' முத்திரை விழுந்து, எங்களுக்குப் பலன் தராத இணைப்புகளையும் சகஜத் தோற்றத்திற்காகக் கலந்துகொள்கிறோம். கூலிக்கு ஆள் வைத்துத் தன்னிச்சையை விளைவிக்கும் தொழில் பூமியில் இதற்கு முன் இருந்ததாக எங்களுக்குத் தெரியவில்லை, தேர்தல் ஊர்வலம் நீங்கலாக.

தண்டனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012 ஜனவரியில், தங்கள் சொந்தக் குரோம் உலாவிக்காகக் கூலி பெற்று எழுதப்பட்ட பதிவில் விதிமீறிய இணைப்பு காணப்பட்டதும், அதன் பக்கத்தையே அறுபது நாள் பின்னுக்குத் தள்ளித் தாங்கள் மனுநீதிச் சோழனை நினைவூட்டினீர்கள், வணங்குகிறோம். ஆயினும், 2013 கிறிஸ்துமஸ் அன்று இணைப்பு விதிமீறலுக்காகத் தண்டிக்கப்பட்ட ராப் ஜீனியஸ் என்னும் பாடல்வரித் தளம் சுமார் பத்தே நாளில் மன்னிப்புப் பெற்றுத் திரும்பியதையும், 2014 அக்டோபரில், கள்ள இணைப்புகளைப் பிடிக்கும் தங்கள் 'பெங்குவின்' சல்லடையில் சிக்கிய சிறு கடைக்காரர் கெட்ட இணைப்புகளையெல்லாம் நிராகரித்துப் பட்டியல் எழுதிக் கொடுத்த பின்னரும், அடுத்த சல்லடை ஓடிய 2016 செப்டம்பர் வரை வாசலிலேயே காத்துக்கிடக்க நேர்ந்ததையும் அருகருகே வைத்துப் பார்க்கையில், பிராயச்சித்தத்தின் கால அளவு பாவத்தைப் பொறுத்ததா, பாவியின் பிரக்யாதியைப் பொறுத்ததா என்ற சந்தேகம் எழாமலில்லை.

ஆகவே, பத்து நாள் கணக்கை எளியோருக்கும் விஸ்தரிக்கும்படி பிரார்த்திக்கிறோம். இவ்விண்ணப்பத்துக்குத் தங்கள் பக்கத்தில் பதில் பிரசுரிக்கத் திருவுள்ளமானால், எங்கள் தளத்துக்கு 'நோஃபாலோ' இல்லாத இணைப்பு ஒன்றைத் தாங்களாகவே, நாங்கள் கேளாமலே, தந்தருள வேண்டும். ஆங்கர் டெக்ஸ்ட் 'இங்கே' என்றிருந்தால் உத்தமம்.