கடைமடையில் ஒரு டர்பைன்

நீர்மின் நிலையத்துக்கு வரைபடம் போடும் டிராப்ட்ஸ்மேன் குடியிருக்கத் தகாத ஊர் ஒன்றைத் தமிழ்நாட்டில் காட்டச் சொன்னால், யோசிக்காமல் எங்கள் அறந்தாங்கியைக் காட்டலாம். மலை கிடையாது. அருவி கிடையாது. தெற்கு வெள்ளாறு உண்டு. அதில் தண்ணீர் வந்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். மற்றபடி ஊரில் உயரத்திலிருந்து தண்ணீர் விழுகிற இடம் மேல்நிலைத் தொட்டி மட்டும்தான், அதுவும் வால்வை மூட மறந்த நாளில்.

இங்கே கடைத்தெரு மாடி ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, நேரில் பார்த்தே இராத மலைகளின் வயிற்றில் சுரங்கமும் பென்ஸ்டாக் குழாயும் வரைவது என் பிழைப்பு. கணக்கு எளிது. நொடிக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு மீட்டர் இறங்கினால் 9.81 கிலோவாட், அதில் டர்பைனும் ஜெனரேட்டரும் தங்கள் கமிஷனை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கும். ஆகவே தண்ணீர் குறைவாக இருந்தாலும் இறக்கம் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். நீலகிரியில் 1932இல் ஓடத் தொடங்கிய பைக்காரா மின்நிலையத்துக்குக் கிளென்மார்கனிலிருந்து சிங்காராவுக்கு மூவாயிரம் அடிக்கு மேல் தண்ணீர் குழாயில் இறங்குகிறது. எங்கள் ஊரில் தண்ணீரும் குறைவு, இறக்கமும் இல்லை.

எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டார்கள். "ட்ராயிங் போடுறாப்ல" என்றார் என் தாய்மாமா. "எந்த ஸ்கூல்ல?" என்றார் பெண்ணின் அப்பா. மாமா சுதாரித்துக்கொண்டு, "கரண்ட்டு எடுக்கிற டேமுக்கு" என்றார். "அட, ஈ.பி.யா!" என்று கேசரி இரண்டாவது முறை வந்தது. தனியார் கன்சல்டன்சி என்று தெரிந்ததும் வடை பாதி வழியில் நின்றுவிட்டது. எப்படியோ கல்யாணம் நடந்தது. ஆனால் அன்று கிளம்பிய வதந்தி அடங்கவில்லை. தெருவில் பீஸ் போனால் இன்றும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

எனக்குத் தொழில் சொல்லித்தந்த பெரியவர் ட்ரேசிங் துணிக் காலத்து மனிதர். கஞ்சி ஏற்றிய மெல்லிய துணியில் இந்தியன் இங்க்கால் வரைவார்களாம். ஒரு சொட்டு வியர்வை விழுந்தால் கஞ்சி கரைந்து அந்த இடம் பாழ். சித்திரை வெயிலில் அணை வரைவதென்றால் நெற்றியில் கைக்குட்டை கட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கைக்குட்டைக்குக் கடைக்குப் போவதில்லை. வேண்டாத பழைய ட்ரேசிங்கை வெந்நீரில் அலசினால் கஞ்சியும் மையும் போய் அருமையான துணி கிடைக்கும்; ஓரம் தைத்தால் போதும். ஓர் அணையின் குறுக்குவெட்டு இன்னோர் அணைக்காகச் சிந்திய வியர்வையைத் துடைத்தது.

இப்போது எல்லாம் ஆட்டோகேட். வியர்வை விழுந்தால் பாதகமில்லை. மின்சாரம் நின்றால்தான் பாதகம். மாதாந்திரப் பராமரிப்பு நாளில், 500 மெகாவாட் நிலையத்தின் டர்பைன் கூடத்தை வரைந்துகொண்டிருக்கும் நான், கீச்சிடும் யு.பி.எஸ். முன்னால் கைகூப்பி நிற்பேன்.

எங்கள் உலகத்தின் சாதி அடுக்கைப் பார்க்க வேண்டுமானால் வரைபடத்தின் வலது கீழ்மூலைக்கு வாருங்கள். டைட்டில் பிளாக்கில் வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று கட்டங்கள் இருக்கும். வரைந்தவனுக்கு இனிஷியல் மட்டும். ஒப்புதல் அளித்தவருக்குக் கையெழுத்து, தேதி, மரியாதை எல்லாம். பக்கத்திலேயே ஒரு குறிப்பு: 'வரைபடத்தை அளந்து பார்க்காதே, எழுதியிருக்கும் அளவையே பின்பற்று.' நாள் முழுக்க அளந்து அளந்து வரைந்தவனே அதையும் எழுத வேண்டும்.

சரிபார்ப்பவர் சிவப்புப் பேனாவுடன் வருவார். ஆர்-0 என்று பிறந்த படம் ஆர்-1, ஆர்-2 என்று வளரும். மாறிய இடத்தைச் சுற்றி மேகம் போல ஒரு கோடு போடுவது மரபு. ஆர்-7க்குள் படத்தில் அணை தெரியாது; வானம் முழுக்க மேகம். அறந்தாங்கியில் அவ்வளவு மேகம் திரண்டு நான் பார்த்தது கணினித் திரையில்தான்.

நாங்கள் போடும் கோட்டுக்கு மலை கட்டுப்படும் என்று நினைத்துவிடாதீர்கள். இமாசலப் பிரதேசத்தின் பார்வதி-2 திட்டத்தில் தலைச்சுரங்கம் 31 கிலோமீட்டருக்கு மேல் நீளம். திரையில் அதை வரைய இரண்டு க்ளிக். தோண்டுகிற இயந்திரமோ உள்ளே பெருகிய தண்ணீரிலும் சேற்றிலும் சிக்கிக்கொண்டது. 2002இல் தொடங்கிய கட்டுமானம் முடிந்து முழு மின்னுற்பத்தி வர 2025 ஆகிவிட்டது. இதற்கு எங்கள் தொழிலில் 'ஜியாலஜிக்கல் சர்ப்ரைஸ்' என்று பெயர். மலைக்குள் பாறை இருந்தாலும் சர்ப்ரைஸ், இல்லாவிட்டாலும் சர்ப்ரைஸ். ஒப்பந்தத்தில் அதை யார் தலையில் கட்டுவது என்பதற்கே பல பக்கம் எழுதுவார்கள். பக்கத்து ஆவுடையார்கோயிலைப் பற்றியும் இப்படி ஒரு ஒப்பந்தக் கதை உண்டு. அந்தக் காலத்துச் சிற்பிகள் கோயில் வேலைக்கு எழுதிக் கொடுக்கும்போது, கல்லில் அவ்வளவு நுணுக்கமாக வளைத்த கூரை விளிம்பு தங்களால் ஆகாது என்று, 'ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக' எனச் சேர்ப்பார்களாம். அவர்கள் மனிதன் கைக்குப் பயந்து விலக்கு எழுதினார்கள். நாங்கள் மலைக்குப் பயந்து எழுதுகிறோம்.

இத்தனை சிவப்புப் பேனாக்களையும் சமாளித்துவிடலாம், என் தாய்மாமாவைச் சமாளிப்பதுதான் கஷ்டம். அவருக்குக் கல்லணைக் கால்வாயின் கடைமடையில் விவசாயம். கல்லணையில் கிளம்பும் அந்தக் கால்வாய் 148 கிலோமீட்டர் ஓடி வந்து மும்பாலை ஏரியில் முடிகிறது. முடிகிறது என்பது காகிதத்தில். நடுவில் எத்தனை மதகு, எத்தனை சண்டை என்பது மாமாவுக்குத்தான் தெரியும்.

ஆனைமலைக் காடம்பாறையைப் பற்றி ஒருநாள் பெருமையாகச் சொன்னேன். 1987இல் வந்தது, 400 மெகாவாட், மின்சாரம் மிஞ்சும்போது கீழணைத் தண்ணீரை மேலணைக்கு ஏற்றி, தட்டுப்பாட்டின்போது இறக்குவார்கள் என்றேன்.

"ஏத்துறதுக்கு எவ்வளவு செலவு, இறக்குனா எவ்வளவு வரவு?"

"நாலு யூனிட் போட்டா மூணு யூனிட் வரும் மாமா."

"அப்ப அடகு வச்ச நகைய வட்டி கட்டி மீட்கிற மாதிரி. நல்ல நாளும் பொல்லாத நாளும் இருக்கிற வீட்டுக்கு அதுவும் வேணுந்தான்" என்றார். எங்கள் கன்சல்டன்சி அதே கருத்துக்கு ஒரு தடித்த அறிக்கை தயாரிக்கும்.

மேட்டூரில் மின்சாரத்தை எடுத்துவிட்டு நமக்குச் சக்கையைத்தானே அனுப்புகிறார்கள் என்று டீக்கடையில் யாரோ கேட்க, "தண்ணில சத்து போகாது, இறக்கம் மட்டும்தான் போகும்" என்று மாமாதான் அடக்கினார். அப்புறம் என் பக்கம் திரும்பி, கையிலிருந்த பிரிண்ட்டை வாங்கினார். அணை, சுரங்கம், சர்ஜ் ஷாப்ட், டர்பைன் என்று விரலால் தடவிக்கொண்டே வந்தார். விரல் டெயில்ரேஸ் கால்வாயில் இறங்கி, 'ஆற்றுக்கு' என்று எழுதிய அம்புக்குறியில் நின்றது.

"இதுக்கப்புறம் தண்ணி எங்க போவுது?"

"அது நம்ம ஸ்கோப்ல இல்ல மாமா. படம் இதோட முடிஞ்சது."

"எங்க ஊரே அந்த அம்புக்கு அந்தாண்டதான்டா இருக்கு!" என்றவர், டீக்கடைக்காரரிடம் பேனா வாங்கி அம்புக்குறியைச் சுற்றி ஒரு மேகம் போட்டார். "கமென்ட்டுன்னு எழுதிக்க. ஆர்-8 போட்டு எடுத்துட்டு வா, பாத்துட்டு ஒப்புதல் தர்றேன்."