மந்திரவாதியிடம் லைசென்ஸ் இருக்கா?

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் இருபத்தாறு வருஷமாக போர்மேன் வேலை பார்க்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், டிராகன் பறக்கும் கதையில் இந்த ஆள் ஏன் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறான் என நினைப்பீர்கள். என் மகள் நினைத்தாள். வாய்விட்டும் சொன்னாள்.

தீபாவளி முடிந்து ஆலை மூடிக்கிடந்த நாட்கள். மதுரையில் காலேஜ் படிக்கிறவள் ஒரு பை நிறைய இங்கிலீஷ் நாவல்களைக் கொண்டுவந்து கட்டிலில் கொட்டினாள். "டிவி முன்னாடியே கெடக்காம இதைப் படிங்கப்பா. வேற உலகத்துக்குப் போய்ட்டு வாங்க."

வேற உலகம் எனக்குப் புதிதல்ல. இரும்புக்கை மாயாவி 1972-இல் முத்து காமிக்ஸில் தமிழ் பேச ஆரம்பித்ததே எங்கள் ஊரில்தான். 1984-இல் வந்த லயன் காமிக்ஸும் எங்கள் ஊர்ச் சரக்குதான். மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு மாயாவி சீமைக்காரர். எங்களுக்கு அவர் நாலு தெரு தள்ளி அச்சாகிறவர். கரண்ட் ஷாக் வாங்கினால் ஆள் மறைந்துபோய் இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். டவுசர் போட்ட வயதில் எனக்குப் புல்லரித்தது. போர்மேன் ஆன பிறகு மறுபதிப்பை வாங்கிப் படித்தபோதும் புல்லரித்தது, வேறு காரணத்துக்காக. மருந்து அறைக்குள் இரும்புக் கரண்டிகூடக் கொண்டுபோகக் கூடாது. ஒரு உரசல் போதும். இவர் கையையே இரும்பில் வைத்துக்கொண்டு, போதாததற்கு மின்சாரத்தையும் தேடி அலைகிறார். வேலை கேட்டு வந்தால் கேட்டிலேயே கும்பிட்டு அனுப்பிவிடுவேன். 2012 வாக்கில் மணிக்கணக்கில் கரண்ட் போனபோது எனக்கு அவர் ஞாபகம்தான். வில்லன் துரத்த, மாயமாக வழியில்லாமல், யார் வீட்டு ஜெனரேட்டரைத் தேடி ஓடுவார் பாவம்.

சுஜாதாவின் ஜீனோவுக்கும் இதே கதிதான். 'என் இனிய இயந்திரா'வில் வரும் அந்த எந்திர நாய்க்குட்டி புத்தகம் படிக்கும், எதிர்க்கேள்வி கேட்கும். எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் பேட்டரி இருக்கிறதே! செல்போன்களோடு சேர்த்து வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும்.

சரி, மகள் கொட்டிய பைக்கு வருகிறேன். முதலில் எடுத்தது டோல்கீனின் மோதிரக் கதை, 1954-இல் வந்த முதல் பாகம். கண்டால்ஃப் என்ற தாடிக்காரர் வண்டி நிறையப் பட்டாசு ஏற்றிக்கொண்டு தன்னந்தனியாக ஊருக்குள் வருகிறார். பின்னாலேயே பிள்ளைகள் கூட்டம். கட்டுகளில் சிவப்பாக, பெரிதாக, அவர் பெயரின் முதல் எழுத்து. தயாரித்த தேதி? எடை? எரிபொருள் விவரம்? ஒன்றும் கிடையாது. ஆசாமிக்குப் புகையிலைக் குழாய்ப் பழக்கம் வேறு. ஊர்ப் பெரியவர் ஒருவரின் நூற்றுப் பதினோராவது பிறந்தநாள் விருந்தில் இவர் விட்ட டிராகன் வாணம் ஜனங்களின் தலைக்கு மேலேயே சுற்றுகிறது. எல்லோரும் குனிகிறார்கள், பலர் குப்புற விழுகிறார்கள். ஆசிரியர் அதைக் கொண்டாட்டமாக எழுதியிருக்கிறார். நான் பென்சிலை எடுத்து ஓரத்தில், "பார்வையாளர் தூரம்???" என்று எழுதினேன். மறுநாள் பார்த்தால் அதற்குக் கீழே மகளின் கையெழுத்து: "அப்பா, அவர் மந்திரவாதி." அதற்குக் கீழே நான்: "லைசென்ஸ் இருக்கா?"

ஜூல் வெர்னின் நிலாப் பயணத்தை, சாத்தூர் காராச்சேவு ஒரு பொட்டலம் தீர்வதற்குள் படித்துவிட்டேன். 1865-இல் எழுதியது. தொள்ளாயிரம் அடி பீரங்கி, நாலு லட்சம் பவுண்டு வெடிபஞ்சு, குண்டுக்குள் மூன்று பேர். இது ராக்கெட்டே அல்ல. அதாவது, நம் ராக்கெட் போகப்போக எரியும், எரிய எரியப் போகும். வெர்ன் செய்திருப்பது பேன்சி ரகம்: குழாய்க்கு அடியில் மருந்து, மேலே குண்டு, ஒரே உதை. வருஷத்துக்கு எத்தனையோ குண்டுகளை இப்படி வானத்துக்கு அனுப்புகிறோம். ஆனால் அந்த உதை எப்படிப்பட்டது என்று தெரிந்தவன் எவனும் உள்ளே ஆள் உட்கார வைக்க மாட்டான். கணக்கெல்லாம் போட்ட மனுஷன் அந்த உதைக்கு மட்டும் தண்ணீர் மெத்தை போதும் என்று நம்பிவிட்டார்.

என் மனதை அசைத்தது ஜார்ஜ் மார்ட்டின்தான். 1998-இல் வந்த 'எ கிளாஷ் ஆஃப் கிங்ஸ்' நாவலில், ரசவாதிகள் காட்டுத்தீ என்ற பச்சைத் திரவத்தைக் காய்ச்சுகிறார்கள். ஜாடிகளின் வெளிப்பக்கம் சொரசொரப்பு, கை வழுக்காமல் இருக்க. வேலை செய்யும் அறைக்கு மேலே இன்னொரு அறை முழுக்க மணல். கீழே தீப்பிடித்தால் நடுத்தளம் பெயர்ந்து மணல் அத்தனையும் கொட்டிவிடும். உள்ளே இருப்பவன் கதி என்ன என்று கேட்காதீர்கள். ஆனாலும் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன், சிரிக்காமல். ஓர் அறைக்கு நாலு பேர், கதவு வெளியே பார்த்துத் திறக்க வேண்டும் என்று தினமும் தொண்டை வறளக் கத்துகிறவன் நான். அந்த விதிகள் எப்படி வந்தன என்று எங்கள் பக்கத்துக் கிராமங்களில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எங்கோ அமெரிக்காவில் உட்கார்ந்து டிராகன் கதை எழுதுகிறவருக்கு அந்தப் பயம் தெரிந்திருக்கிறது. ஓரத்தில் ஒரு டிக் போட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. பச்சை நெருப்பு! பட்டாசில் பச்சை என்றால் பேரியம் நைட்ரேட். 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்குத் தடை போட்டுவிட்டது. டிக்கை அழிக்க மனசு வரவில்லை, பக்கத்தில் "மாற்று மருந்து தேவை" என்று எழுதி வைத்தேன்.

கடைசியாக ஹாரி பாட்டர். இரண்டாம் பாகத்தில் டாக்டர் ஃபிலிபஸ்டர் என்பவரின் பட்டாசு வருகிறது. ஈரம் பட்டால்தான் பற்றுமாம், சூடே இருக்காதாம். பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். ஐப்பசி அடைமழையில் கடை கடையாகச் சரக்கு நமுத்துத் திரும்பி வந்ததைப் பார்த்தவனுக்கு இதைவிடப் பெரிய மாயக்கதை இருக்க முடியாது.

ஆலை திறந்த அன்று பூஜை முடிந்து பொரிகடலை தின்றுகொண்டிருக்கும்போது சின்ன முதலாளியிடம் மெதுவாகச் சொன்னேன். "மொதலாளி, இங்கிலாந்துல ஒரு டாக்டர் பட்டாசு போட்டிருக்காராம். நனைஞ்சாத்தான் பத்துமாம்."

அவர் ஒரு நிமிஷம் பொரியை மெல்லாமல் யோசித்தார்.

"அதுல பேரியம் இருக்கா அண்ணாச்சி?"