பாதிரியார் போட்ட பட்டியல்

17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மடம் ஒன்றில் மெர்சென் என்றொரு பாதிரியார் இருந்தார். இறைச்சி, முட்டை, பால் எல்லாம் அவருடைய சபைக்கு விலக்கு. கடிதத்துக்கு மட்டும் தடையில்லை. எனவே ஐரோப்பாவின் கணித மேதை ஒருவர் பாக்கியில்லாமல் எழுதித் தள்ளினார். டேகார்த் சொன்னதை ஃபெர்மாவிடமும், ஃபெர்மா சொன்னதை டேகார்த்திடமும் போட்டுக்கொடுத்தார். இருவரும் முட்டிக்கொண்டதில் அந்தத் தபாலுக்கும் பங்குண்டு.

1644-இல் ஒரு புத்தகத்தில், போகிற போக்கில் ஒரு குண்டு போட்டார். 2-ஐ 2-ஆல் பெருக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றைக் கழித்தால் சிலசமயம் பகா எண் கிடைக்கும். மூன்று இரண்டுகள் என்றால் 7, தேறிவிட்டது. பதினொன்று என்றால் 2047. அது 23 × 89, போச்சு. 257 வரை எந்தெந்த அடுக்கு தேறும்? 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. மற்றதெல்லாம் ஃபெயில் என்று தீர்ப்பு எழுதினார். கடைசி அடுக்கில் வரும் எண்ணுக்கு 78 இலக்கங்கள். எப்படிக் கண்டுபிடித்தீர் சாமி? மூச்சு விடவில்லை.

சரிபார்க்கும் தெம்பு யாருக்கும் இல்லாததால் பட்டியல் ஜம்மென்று வாழ்ந்தது. 1772-இல் ஆய்லர், பார்வை ஏறக்குறையப் போன நிலையிலும், 31 சரி என்று நிரூபித்தார். 1876-இல் லூகா 127 சரி, 67 தப்பு என்றார். ஆனால் 2⁶⁷–1-இன் காரணிகள் என்னவென்று அவருக்கே தெரியாது. வீட்டில் திருடன் புகுந்தது நிச்சயம், ஆள்தான் யாரென்று தெரியவில்லை என்கிற கதை. 1883-இல் ரஷ்யாவின் பெர்வூஷின், 61-ஐ விட்டுவிட்டீர்களே என்றார். அவரும் பாதிரியார்தான், தொழில் விசுவாசம் கொஞ்சமும் இல்லை.

1903-இல் நியூயார்க்கில் கணிதச் சங்கக் கூட்டம். ஃபிராங்க் கோல் எழுந்தார், வாய் திறக்காமல் கரும்பலகைக்குப் போனார். ஒரு பக்கம் 2⁶⁷–1-ஐக் கணக்கிட்டு 147573952589676412927 என்று எழுதினார். மறுபக்கம் 193707721 × 761838257287 என்று எழுதி, பள்ளிப் பையன் மாதிரி வரிவரியாகப் பெருக்கினார். அதே விடை. சாக்பீஸை வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஒரே கைதட்டல், ஒரு கேள்வி இல்லை. இதற்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று பிற்பாடு கேட்டதற்கு, மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். வீட்டில் காய்கறி வாங்கப் போனது யாரென்று வரலாற்றில் குறிப்பில்லை.

அப்புறம் 89-உம் 107-உம் விடுபட்டது தெரிந்தது. 257-உம் கவிழ்ந்தது. ஆக மொத்தம் ஐந்து தப்பு.

இதே வகையில் 2024 அக்டோபரில் அறிவித்த பகா எண்ணான 2¹³⁶²⁷⁹⁸⁴¹–1-க்கு 4,10,24,320 இலக்கங்கள். வெவ்வேறு கணினிகளில், வெவ்வேறு மென்பொருள்களில் ஓட்டிப் பார்த்து, சந்தேகமே இல்லை என்று ஆன பிறகுதான் வெளியில் சொன்னார்கள். இவ்வளவு சோதனையும் முடிந்த பிறகு அதற்குக் கிடைத்த குடும்பப் பெயர், எதையுமே சோதித்துக் காட்டாத மனிதருடையது: மெர்சென் பகா எண்.