இந்த இரும்பு உனக்கு வேண்டாம் மாப்ளே

உங்க அம்மா வந்து சொன்னா. பரண்ல தொங்குற என் ரேஸ் சைக்கிள் மேல உனக்கு ஒரு கண்ணாமே? பழைய ஸ்டீல் வண்டிதான் இப்போ மவுசுன்னு பெங்களூர்ல உன் கூட்டாளிக சொன்னாகளாம். தாய்மாமன் நான் இருக்கையில உன்னைக் கிணத்துல தள்ளிவிடுவேனா? வேண்டாம் மாப்ளே. உன் ரெண்டு லட்ச ரூபா கார்பன் சைக்கிளையே துடைச்சுச் சுவத்துல மாட்டி வை. ஓட்டினா அழுக்காயிரும்.

என் வண்டியோட வண்டவாளத்தைக் கேளு. 1974ல அம்பத்தூர் சைக்கிள் கம்பெனியில, குழாய்க்குக் குழாய் பித்தளை உருக்கி ஒட்டுற பிரேசிங் வேலை எனக்கு. சீமைக்குத் திரும்பின ஒரு வெள்ளைக்காரரு இதை என் தலையில கட்டிட்டுப் போனாரு. முந்நூறு ரூபா. உங்க அத்தைக்கு இன்னிக்கு வரைக்கும் நூறுதான் கணக்கு, வாயத் திறந்துராதே.

சீட்டுக்குக் கீழ சின்னதா ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ‘ரெனால்ட்ஸ் 531’. 1935ல பர்மிங்காம்ல பிறந்த குழாய். அந்தக் குழாய்க் கம்பெனிக்கும் நான் நின்ன ஆலைக்கும் மூத்த வீடு ஒண்ணுதான், டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ். அவுகளும் முருகப்பா குடும்பமும் 1949ல கூட்டுச் சேந்துதான் அம்பத்தூர்ல சைக்கிள் போட்டாக. ஆகமொத்தம் நாங்க செஞ்ச பால்காரர் ஹெர்குலிஸ் சைக்கிளும் இந்தச் சீமைக் குதிரையும் பங்காளிக. முகஜாடை இருக்கும், வசதி ஒண்ணா இருக்காது.

அந்தக் குழாய் ரெண்டு முனையிலயும் தடிப்பு, நடுவுல மெலிசு. ஒட்டுற இடம் சூடு தாங்கணும்ல. நடு உடம்புல நகத்தால சுண்டிப் பாரு, வெண்கலக் கும்பா மாதிரி சத்தம் வரும். பால்கார வண்டியைச் சுண்டினா ‘யாரு?’ன்னு கேக்கும்.

இதுல ஏறி உக்காந்தா அவஸ்தைதான். பெடல்ல காலை வார் போட்டுக் கட்டணும். வில்லிவாக்கம் கேட்டு சாத்தியிருக்க, நான் காலை உருவுறதுக்குள்ள பக்கத்துல நின்ன பூக்காரம்மா கூடையில சாஞ்சுட்டேன். ரெண்டு முழத்துக்குக் காசு கொடுத்தப்புறம்தான் எந்திரிக்க விட்டுச்சு. கியர் குச்சி கீழ்க் குழாய்ல இருக்கு. டிக்குனு விழாது, காதாலதான் கண்டுபிடிக்கணும். உன் காதுலதான் எந்நேரமும் பாட்டு ஓடுதே.

டயரு அதைவிடக் கூத்து. டியூபை உள்ளே வச்சுத் தைச்சு, ரிம்முல கோந்து போட்டு ஒட்டுன டயரு. பஞ்சரானா உரிச்சு, தையலைப் பிரிச்சு, ஒட்டுப் போட்டு, மறுபடி தைக்கணும். கடைக்காரன் பாத்துட்டுக் கும்பிடு போட்டான். கடைசியில செருப்புத் தைக்கிற பெரியவர்தான் மெழுகு நூல்ல இழுத்துப் பிடிச்சுத் தைச்சாரு. தைச்சு முடிச்சுட்டு, “இதுக்கு ஜோடி எங்கே?”ன்னாரு. அந்த டயரு நாலு வருசம் ஓடுச்சு.

ஒருதரம் பாலத்துப் பள்ளத்துல விட்டேன். பின்சக்கரம் மாட்டுற கவை கோணிப்போச்சு. முன்கழுத்தைச் சுத்தி ரெண்டு பக்கக் கவைக்கும் ஒரே நூலைக் கட்டி, சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் இடைவெளி அளந்தேன். ஒரு பக்கம் நாலு மில்லிமீட்டர் கூட. கையால அமுக்கி நேராக்கிட்டேன், அரை மணி நேர வேலை. உன்னோடதுல விரிசல் விட்டா மெயில் போட்டுட்டு உக்காந்திருப்பே.

எடை கூடன்னு மட்டும் சொல்லாதே. 1972ல மெக்சிகோ சிட்டியில சைக்கிள் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்துல 49.431 கிலோமீட்டர் மிதிச்சதும் இரும்புலதான். அந்த வண்டி ஆறு கிலோ தேறாது. கியரும் பிரேக்கும் கிடையாது, அது வேற கதை. உன்னோடது எத்தனை, ஏழரையா? பேரே சரியில்லையே மாப்ளே.

அதனால ஆசையை விட்டுரு. வர்ற ஞாயித்துக்கிழமை விடியக்காலம் மட்டும் வந்துட்டுப் போ. பரண்ல ஏற என் முட்டி ஒத்துக்கலை. வரும்போது தைச்ச டயரு ஒரு ஜோடியும் நல்ல கோந்தும் வாங்கிட்டு வா, இப்போ ஆன்லைன்லயே கிடைக்குதாம். கண்மாய்க் கரை வரைக்கும் ஒரு மிதி மிதிச்சுட்டு வந்துருதேன். உனக்குத்தானே வேண்டாம்னேன், எனக்கா வேண்டாம்னேன்?

டயரு என்ன விலைன்னு அத்தை கேட்டா, நூறு ரூபான்னு சொல்லு.